வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் ஒரு திறந்த மடல்: எண்றத ஏன் நிறுத்தினீங்க?

அமெரிக்காவையும் ரஷ்யாவையும் ஆள்றவங்களுக்கும், அவங்களுக்கு கீழ அணு ஆயுதங்கள பாத்துக்கற ஜெனரல்களுக்கும், பேச்சுவார்த்தைன்னு சூட்கேஸ தூக்கிட்டு ஜெனீவா போயிட்டு வர்ற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்ங்க. உங்க ரெண்டு நாட்டுலயும் எனக்கு ஓட்டு கிடையாது, நான் அங்க வரி கட்டறதும் இல்ல. ஆனா நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா அந்தப் புகை எங்க தலைக்கு மேலயும் வந்து நிக்கும், அதுக்கு எல்லைக்கோடெல்லாம் தெரியாது, அந்த ஒரு பாத்தியதைல எழுதறேன்.

சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். பனிப்போர் காலத்துல ஒருத்தர ஒருத்தர் மொத்தமா அழிச்சிடலாமான்னு யோசிச்சிட்டு இருந்த அதே நீங்கதான், எதிரியோட ஆள உங்க மிசைல் ஃபேக்டரி வாசல்ல உக்கார வெச்சு உங்க அணு மிசைல எண்ண விட்டீங்க. பங்காளிக்குள்ள வெட்டுக்குத்துன்னாலும் சர்வேயர் வந்தா ரெண்டு வீட்டு ஆளும் வரப்புல வந்து நின்னு சங்கிலி பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி. இப்போ சோவியத் யூனியன் இல்ல, பெர்லின் சுவர் இல்ல, கம்யூனிசமா ஜனநாயகமாங்கற அந்தப் பழைய வழக்கே இல்ல. குண்டு மட்டும் இருக்கு, எண்றதுக்கு ஆள் போறது நின்னுபோச்சு. இது எந்த ஊர் நியாயம்?

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்லவே இல்ல. 1945 ஆகஸ்ட்ல ரெண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிங்க ராத்திரில ஒரு மேப்ப வெச்சு கொரியாவுக்கு குறுக்க 38வது அட்சரேகைல கோடு போட்டாங்க, கொரியாக்காரங்க ஒருத்தர கூட கேக்கல, அஞ்சு வருஷத்துல அங்க போர், இன்னிக்கும் அங்க சமாதான ஒப்பந்தம் கிடையாது வெறும் போர்நிறுத்தம்தான். அப்புறம் நீங்க ஆட்சிய கவிழ்க்க கை குடுத்த, இல்ல படைய அனுப்பின ஊருங்க: 1954ல குவாத்தமாலா, 1956ல ஹங்கேரி, 1968ல பிராக், 1973ல சிலி, 1979 டிசம்பர்ல ஆப்கானிஸ்தான். கஜகஸ்தான்ல செமிபலாட்டின்ஸ்க் பக்கத்துல மட்டும் சோவியத் 450க்கும் மேல அணு சோதனை பண்ணுச்சு, பக்கத்து கிராமத்து ஜனங்க பாடு யாருக்கும் அக்கறை இல்ல.

மார்ஷல் தீவுகள்ல அமெரிக்கா பண்ணினது அதுக்கு கொஞ்சமும் குறைஞ்சதில்ல. 1954 மார்ச் 1ம் தேதி பிகினி தீவுல காஸ்டில் பிராவோன்னு ஒரு குண்டு, சுமார் 6 மெகாடன் வரும்னு கணக்கு போட்டிருந்தாங்க (ஒரு மெகாடன்னா பத்து லட்சம் டன் வெடிமருந்தோட சக்தி), வந்தது 15. லித்தியம்ல ஒரு வகை சும்மா இருக்கும்னு விஞ்ஞானிங்க நெனச்சது சும்மா இருக்கல. ரோங்கெலாப் தீவுல வெள்ளையா சாம்பல் கொட்டுச்சு, குழந்தைங்க அதுல விளையாடுச்சுங்க, ரெண்டு நாள் கழிச்சுதான் அவங்கள அங்கிருந்து கூட்டிட்டு போனாங்க. பக்கத்து கடல்ல மீன் பிடிச்சிட்டு இருந்த ஜப்பான் படகுல 23 பேர் மேலயும் அதே சாம்பல், அதுல ஒருத்தர் அந்த வருஷமே செத்துப்போனார். எதிரிய பயமுறுத்த போட்ட குண்டு எதிரி மேல விழவே இல்ல, எந்தப் பக்கமும் இல்லாதவங்க மேலதான் விழுந்துச்சு. அதனால அந்தக் காலத்த புகழறதுக்கு நான் வரல. அவ்ளோ கெட்ட காலத்துலயும் நீங்க கத்துக்கிட்ட ஒரு நல்ல பழக்கத்த இப்போ ஏன் விட்டீங்கன்னுதான் கேக்கறேன்.

அந்தப் பழக்கம் எதுக்கு வந்துச்சுன்னு உங்க இப்போதைய தலைமுறைக்கு மறந்துபோயிருக்கும், அதனால கொஞ்சம் பழைய கதை.

1950கள் கடைசில அமெரிக்காவுல ஒரு பயம் பிடிச்சு ஆட்டுச்சு. சோவியத்தோட ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேல போனதும் சோவியத்கிட்ட நூத்துக்கணக்குல கண்டம் விட்டு கண்டம் போற மிசைல் வந்துடும், நாம பின்தங்கிட்டோம்னு பத்திரிகை எழுதுது, செனட்ல கத்தறாங்க, கென்னடி அத வெச்சே 1960 தேர்தல்ல பிரச்சாரம் பண்றார். சோவியத் தலைவர் குருஷ்சேவும் சும்மா இல்லாம தொத்திறைச்சி மாதிரி மிசைல் தயாராகி வருதுன்னு பீத்திக்கிட்டார். எண்ண வழியில்ல. அமெரிக்காவோட யு-2 உளவு விமானம் மேல பறந்து படம் எடுத்துட்டு இருந்துச்சு, 1960 மே 1ம் தேதி அதையும் சுட்டு வீழ்த்தி பைலட் கேரி பவர்ஸ பிடிச்சிட்டாங்க. அவருக்கு மாஸ்கோ கோர்ட்டுல தண்டனை சொன்னது ஆகஸ்ட் 19. அதே நாள் ஹவாய் பக்கத்துல ஆகாசத்துல ஒரு அமெரிக்க விமானம் கொக்கி போட்டு பாராசூட்ல இறங்கற ஒரு டப்பாவ பிடிச்சுது, உள்ள கொரோனா உளவு செயற்கைக்கோள் எடுத்த ஃபிலிம் சுருள். அந்த ஒரு டப்பாவுல இருந்த படம், யு-2 நாலு வருஷமா எடுத்த எல்லாத்த விடவும் அதிக நிலப்பரப்ப காட்டுச்சு. அடுத்த வருஷம் எண்ணி முடிச்சப்போ சோவியத்கிட்ட உருப்படியா நிறுத்தி வெச்சிருந்த கண்டம் தாண்டற மிசைல் விரல் விட்டு எண்ற அளவுதான். பின்தங்கி இருந்தது சோவியத்துதான். ஆனா அதுக்குள்ள பயத்துல அமெரிக்கா ஆயிரக்கணக்குல கட்டறதுக்கு திட்டம் போட்டாச்சு, அத பாத்து சோவியத்தும் கட்ட ஆரம்பிச்சுது. எண்ணாம விட்டதுக்கு ஆன செலவு இது.

இதுக்கு நடுவுல எங்க ஊர் பெரியவர் ஒருத்தர் உங்க வாசலுக்கு வந்துட்டு போனத சொல்லியே ஆகணும். ராஜாஜி. அரசியல்ல அவர எங்க ஊர்ல திட்டாதவங்க கம்மி, எனக்கும் அவரோட பல விஷயத்துல சண்டை இருக்கு. ஆனா 1962 செப்டம்பர் கடைசில, 83 வயசுல, காந்தி அமைதி நிறுவனம் சார்பா வாஷிங்டன் போயி வெள்ளை மாளிகைல கென்னடிய பாத்து அணு சோதனைய நிறுத்துங்கன்னு வாதாடிட்டு வந்தார். பதவில எதுவும் இல்ல, கையில கைத்தடி, கண்ணுல கருப்புக்கண்ணாடி. அவர் பேசிட்டு வந்து மூணு வாரம் கூட ஆகல, கியூபா மேல பறந்த யு-2 அங்க சோவியத் மிசைல் தளத்த படம் பிடிச்சிட்டு வந்துச்சு.

கியூபா கதை உலகத்துக்கே தெரியும், ஆனா அதுல எனக்கு திரும்பத் திரும்ப உறைக்கறது எவ்வளவு விஷயம் யாருக்கும் தெரியாம இருந்துச்சுங்கறதுதான். தீவுல சோவியத் படை பத்தாயிரம் சொச்சம் இருக்கும்னு அமெரிக்கா நெனச்சுது, நிஜத்துல 40,000க்கும் மேல. மிசைல் மட்டும்தான் இருக்குன்னு நெனச்சு படையெடுக்கலாமான்னு ஜெனரல்கள் கேட்டுட்டு இருந்தாங்க, அங்க கரைல இறங்கற படை மேல போடறதுக்குன்னே சின்ன அணு ஆயுதங்கள் தயாரா இருந்துச்சு, அது அப்போ பாதுகாப்பு அமைச்சரா இருந்த மக்நமாராவுக்கு தெரிஞ்சது 1992 ஜனவரில, ஹவானாவுல நடந்த ஒரு கருத்தரங்குல உக்காந்திருக்கும்போது. முப்பது வருஷம் கழிச்சு! படையெடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அந்த மனுஷன் அன்னிக்குதான் புரிஞ்சுக்கறார்.

1962 அக்டோபர் 27, சனிக்கிழமை. கியூபாவுக்கு மேல ஒரு யு-2வ சுட்டு பைலட் செத்துட்டார். இன்னொரு யு-2 வட துருவம் பக்கம் போயி வழி தவறி சோவியத் வான்வெளிக்குள்ளயே நுழைஞ்சிடுச்சு. கியூபா பக்கத்து கடல்ல பி-59ன்னு ஒரு சோவியத் நீர்மூழ்கி, உள்ள 45 டிகிரிக்கு மேல வெக்கை, காத்து இல்ல, ஆளுங்க மயங்கி விழறாங்க, மாஸ்கோவோட தொடர்பு இல்ல. மேல அமெரிக்க கப்பல்கள் வெளிய வாடான்னு சின்ன வெடிய போட்டுட்டே இருக்கு. அது சும்மா சிக்னல் வெடிதான், இப்படித்தான் போடுவோம்னு மாஸ்கோவுக்கு முன்னாடியே அமெரிக்கா தகவல் குடுத்திருந்துச்சு, ஆனா தண்ணிக்குள்ள இருக்கறவனுக்கு யார் போய் சொல்றது? கேப்டன் சவீத்ஸ்கி போர் ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சு அணு டார்பிடோவ தயார் பண்ண சொன்னதா உள்ள இருந்தவங்க பின்னாடி சொன்னாங்க. கூட இருந்த இன்னொரு அதிகாரி வசிலி அர்கிப்போவ் அவர பேசி அமர்த்தி நீர்மூழ்கிய மேல கொண்டு வர வெச்சார். மாஸ்கோவுக்கு குடுத்த ஒரு தகவல் அந்த நீர்மூழ்கிக்கு போய்ச் சேராததால அன்னிக்கு உலகம் ஒரு ஆளோட நிதானத்த நம்பி நின்னுச்சு.

மேல தலைவர்கள் மட்டத்துலயும் இதே கூத்துதான். குருஷ்சேவ் அனுப்பின நீளமான கடிதம் வாஷிங்டனுக்கு முழுசா வந்து சேர, மொழிபெயர்த்து முடிக்க, கிட்டத்தட்ட 12 மணி நேரம். சோவியத் தூதர் தோப்ரினின் மாஸ்கோவுக்கு அவசரத் தகவல் அனுப்பணும்னா தந்தி கம்பெனிக்கு ஃபோன் பண்ணுவாராம், ஒரு பையன் சைக்கிள்ல வந்து வாங்கிட்டு போவானாம், வழில எந்தப் பொண்ணையாவது பாத்து பேச்சு குடுத்து நின்னுடக்கூடாதேன்னு தூதரகத்துல வேண்டிக்கிட்டு இருப்பாங்களாம், அவரே பின்னாடி சொன்னது. கடைசில மிசைல வாபஸ் வாங்கறேங்கற பதில ரகசிய குறியீட்டுல அனுப்பினா லேட்டாகும்னு மாஸ்கோ ரேடியோல வாசிச்சாங்க. உலகமே அழியப்போற நேரத்துல சைக்கிளும் ரேடியோவும்.

அதுல பயந்துபோயித்தான் ரெண்டு தலைநகருக்கும் நடுவுல ஹாட்லைன்ங்கற நேரடித் தொடர்பு வந்துச்சு. சிவப்பு டெலிஃபோன்னு சினிமாவுல காட்டறதெல்லாம் பொய், அது டெலிபிரின்டர், தட்டச்சு பண்ணா அந்தப் பக்கம் பேப்பர்ல விழும். 1963 ஜூன் 20 ஜெனீவாவுல கையெழுத்து, ஆகஸ்ட் 30ல வேலை செய்ய ஆரம்பிச்சுது. லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியா கேபிள். ஆங்கில எழுத்து மெஷின அமெரிக்கா மாஸ்கோவுக்கு அனுப்புச்சு, ரஷ்ய எழுத்து மெஷின சோவியத் வாஷிங்டனுக்கு அனுப்புச்சு. ஆங்கிலத்துல எல்லா எழுத்தும் வர்ற அந்த நரி-நாய் வாக்கியத்த மொதல் டெஸ்டுக்கு அமெரிக்காக்காரன் அடிச்சு அனுப்பினான். அப்புறம் மணிக்கு மணி டெஸ்ட், போர் வந்தாலும் வராட்டியும். ஒருதடவை பின்லாந்துல விவசாயி ஒருத்தர் நிலத்த உழும்போது கேபிளே அறுந்துபோச்சாம். ஆனாலும் விடல. அதே 1963 ஆகஸ்ட் 5ம் தேதிதான் வானத்துலயும் கடலுக்கடியிலயும் விண்வெளிலயும் சோதனை பண்ண மாட்டோம்னு மாஸ்கோவுல கையெழுத்து போட்டீங்க. ராஜாஜி சொன்னதுக்காக போடல, கியூபா பயத்துல போட்டீங்க, இருந்தாலும் போட்டீங்கல்ல.

1972ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் போட்ட ஒப்பந்தங்கள்ல எண்ணிக்கைய விட எனக்கு முக்கியமா தெரியறது வேற ஒரு ஷரத்து: ஒருத்தர் செயற்கைக்கோள் இன்னொருத்தர வேவு பாக்கறத தடுக்க மாட்டோம், அதுக்கு தெரியாம மிசைல மறைச்சு வைக்க மாட்டோம். அதாவது வேவு பாக்கறதுக்கே சட்டப்படி அனுமதி. பன்னெண்டு வருஷம் முன்னாடி வேவு பாத்ததுக்கு விமானத்த சுட்டவங்க!

சரி, மெஷின் இருந்தா போதுமே மனுஷன் எதுக்குன்னு உங்க ஆபீஸ்ல யாராவது கேப்பாங்க. 1980 ஜூன்ல அமெரிக்க கம்ப்யூட்டர் திரைல சோவியத் மிசைல் வருது வருதுன்னு காட்டுச்சு, குண்டுவீச்சு விமானங்கள் இஞ்சின ஸ்டார்ட் பண்ணி நின்னுச்சு. காரணம் 46 சென்ட் விலை உள்ள ஒரு சிப். அதுக்கு ஏழு மாசம் முன்னாடி பயிற்சிக்கு வெச்சிருந்த தாக்குதல் காட்சி நிஜ திரைல ஓடிடுச்சு. 1983 செப்டம்பர் 1ல கொரிய பயணிகள் விமானத்த சோவியத் சுட்டு 269 பேர் செத்தாங்க, ரெண்டு பக்கமும் கொதிச்சிட்டு இருக்கு, அதே மாசம் 26ம் தேதி ராத்திரி மாஸ்கோவுக்கு தெற்க செர்புகோவ்-15ங்கற இடத்துல லெஃப்டினன்ட் கர்னல் பெட்ரோவ் முன்னாடி சைரன். அமெரிக்காவுல இருந்து ஒரு மிசைல். அப்புறம் இன்னொண்ணு. மொத்தம் அஞ்சு. அஞ்சே அஞ்ச வெச்சு எவன் உலகப்போர் ஆரம்பிப்பான்னு யோசிச்சு, தரை ராடார்லயும் ஒண்ணும் தெரியலன்னு பாத்து, இது சிஸ்டம் கோளாறுன்னு மேல சொல்லிட்டார். மேக உச்சில சூரிய வெளிச்சம் பட்டு எதிரொளிச்சத அந்த செயற்கைக்கோள் மிசைல்னு நெனச்சுக்கிச்சாம். இதுக்கு அவருக்கு மெடல் குடுக்கல, ஏன் லாக் புக்க சரியா எழுதலன்னு கேட்டாங்க. ஒரு கையில ஃபோன், இன்னொரு கையில இன்டர்காம், மூணாவது கை எனக்கு இல்லையேன்னு சொன்னாராம். எல்லா நாட்டு அரசாங்க ஆபீசும் ஒரே மாதிரிதான் போல.

இதுக்கெல்லாம் அப்புறம்தான் மனுஷன் நேர்ல போயி எண்ற காலம் வந்துச்சு. 1987 டிசம்பர் 8, ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தர தூர மிசைல் எல்லாத்தையும் ஒழிக்கற ஒப்பந்தத்துல கையெழுத்து. நம்பு, ஆனா சரிபார்னு ரஷ்யப் பழமொழிய ரீகன் சொல்ல, இத ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்றீங்களேன்னு கோர்பச்சேவ் கிண்டல் பண்ண, அரங்கமே சிரிச்சுது. நம்ப நட, நம்பி நடவாதேன்னு எங்க பாட்டிங்க சொல்றதுதான், அதுக்கு அமெரிக்க ஜனாதிபதி வேண்டியதில்ல. 1991 ஜூன்குள்ள 2,692 மிசைல் காலி. சோவியத் 1,846, அமெரிக்கா 846. எண்ணிப் பாத்து, எரிச்சு, வெடிச்சு, அறுத்து, அடுத்தவன் அதிகாரி பக்கத்துல நின்னு கையெழுத்து போட்டு.

அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் வோட்கின்ஸ்க். யூரல் மலைக்கு மேற்க ஒரு ஊர், இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி பொறந்த ஊர், வெளிநாட்டுக்காரன் கால் வைக்க முடியாதபடி மூடி வெச்சிருந்த ஊர், ஏன்னா அங்கதான் மிசைல் ஃபேக்டரி. அந்த ஊர்ல அமெரிக்க இன்ஸ்பெக்டர்கள் 30 பேர் வரைக்கும் வீடு கட்டி குடியிருந்தாங்க. எதுக்குன்னா, தடை பண்ணின எஸ்எஸ்-20 மிசைலும் தடை பண்ணாத எஸ்எஸ்-25 மிசைலும் கீழ்ப்பகுதில கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதனால கேட்ட தாண்டி வெளிய போற ஒவ்வொரு பெரிய பெட்டியையும் பாக்கணும், சந்தேகம்னா உள்ள என்ன இருக்குன்னு எக்ஸ்ரே எடுக்க மெஷினே வெச்சிருந்தாங்க. யோசிச்சு பாருங்க, பனி கொட்டற காலைல ரஷ்ய ஃபேக்டரில இருந்து ரயில் பெட்டி வருது, கேட்ல அளவுகோலோட நிக்கறது அமெரிக்கன். அதே நேரம் அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல மேக்னாங்கற ஊர்ல ஃபேக்டரி வாசல்ல சோவியத் இன்ஸ்பெக்டர்கள். அந்த ஒப்பந்தப்படி ரெண்டு இடத்துலயும் 13 வருஷம், 2001 வரைக்கும். சோவியத் யூனியனே நடுவுல செத்துப்போச்சு, எண்ற வேலை நிக்கல.

அரிசோனால டேவிஸ்-மோன்தன் விமானப்படை தளம் இருக்கு, ஓய்வு பெற்ற விமானங்களோட சுடுகாடு. நெடுந்தூர அணு ஆயுதங்கள குறைக்கறதுக்கு 1991ல போட்ட ஸ்டார்ட் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்க நூத்துக்கணக்குல பி-52 குண்டுவீச்சு விமானங்கள கிரேன்ல ராட்சச பிளேட தூக்கி மேல இருந்து போட்டு துண்டு துண்டா வெட்டினாங்க. வெட்டினத உடனே பழைய இரும்புக்கு போடல, 90 நாள் வெட்டவெளில அப்படியே கிடக்க விட்டாங்க, ரஷ்ய செயற்கைக்கோள் மேல இருந்து படம் எடுத்து எண்ணிக்கட்டும்னு. வெட்டின கோழிய வாடிக்கைக்காரன் கண்ணு முன்னாடி உரிக்கற கசாப்புக்கடை பாய்க்கு இருக்கற நேர்மை.

இன்னும் ஒண்ணு, 1993ல இருந்து 2013 வரைக்கும் ரஷ்ய வார்ஹெட்ல (மிசைல் தலைல வெக்கற அணு குண்டு) இருந்து எடுத்த 500 டன் யுரேனியத்த நீர்த்துப்போக வெச்சு அமெரிக்க அணுமின் நிலையங்களுக்கு வித்தாங்க, சுமார் 20,000 குண்டுக்கு சமம். அமெரிக்க நகரங்கள அழிக்கறதுக்குன்னு செஞ்சது அதே நகரங்கள்ல பல்ப எரிய வெச்சுது. 1986ல உலகம் முழுக்க சேத்து சுமார் 70,000 அணு ஆயுதம், இப்போ 12,000 சொச்சம். அத்தனையும் குறைஞ்சது உங்க பெருந்தன்மையால இல்ல, எண்ண முடிஞ்சதால.

அப்புறம் நீங்க ஒவ்வொண்ணா கழட்டினீங்க. வர்ற மிசைல தடுக்கற ஆயுதத்துக்கு வரம்பு போட்ட 1972 ஒப்பந்தத்துல இருந்து 2002 ஜூன்ல அமெரிக்கா வெளிய. ரஷ்யா 9எம்729ன்னு தடை பண்ணின வகை மிசைல செஞ்சிருச்சுன்னு அமெரிக்கா சொல்லுச்சு, ருமேனியால நீங்க வெச்சிருக்கற லாஞ்சர் மட்டும் என்னவாம்னு ரஷ்யா கேட்டுச்சு, 2019 ஆகஸ்ட் 2ம் தேதி ரீகன்-கோர்பச்சேவ் ஒப்பந்தம் காலி. சண்டை வந்தா இன்ஸ்பெக்டர அனுப்பி பாக்கலாம்னு வழி இருந்த காலம் போய், பாக்க வழியில்லாததால சண்டைங்கற காலம் வந்துச்சு. அப்புறம் திறந்த வானம் ஒப்பந்தம், ஒருத்தர் விமானம் இன்னொருத்தர் நாட்டு மேல படம் எடுத்துட்டே பறக்கும், உள்ள ரெண்டு நாட்டு ஆளும் ஒண்ணா உக்காந்து போவாங்க, அதுல சேந்திருந்த எல்லா நாடும் சேத்து மொத்தம் 1,500 தடவைக்கு மேல பறந்தாங்க. 2020 நவம்பர்ல அமெரிக்கா வெளிய, 2021 டிசம்பர்ல ரஷ்யா வெளிய. அதுக்குன்னு இருந்த ரெண்டு அமெரிக்க விமானத்தையும் கடைசில எங்க கொண்டுபோய் நிறுத்தினீங்க தெரியுமா, அதே அரிசோனா சுடுகாட்டுல.

மிச்சம் இருந்தது நெடுந்தூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு போட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம். 2010 ஏப்ரல்ல பிராக்ல கையெழுத்தானது, ஆளுக்கு 1,550 வார்ஹெட், ஏவறதுக்கு தயாரா 700 மிசைல் விமானங்கள், வருஷத்துக்கு 18 தடவை அடுத்தவன் தளத்துக்கு போயி பாக்கலாம். பத்து வருஷத்துல 300 தடவைக்கு மேல போனாங்க. எந்த மிசைல எங்க நகர்த்தறோம்னு 25,000 தகவலுக்கு மேல பரிமாறிக்கிட்டாங்க. 2020 மார்ச்ல கொரோனான்னு ஆய்வ நிறுத்தினீங்க, உலகம் முழுக்க பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் தொறந்தாச்சு, இது மட்டும் தொறக்கல. 2022 ஜனவரி 3ம் தேதி அணு ஆயுதப் போர்ல யாரும் ஜெயிக்க முடியாது, அது நடக்கவே கூடாதுன்னு அஞ்சு அணு நாடும் சேந்து அறிக்கை விட்டீங்க, ரீகனும் கோர்பச்சேவும் 1985ல சொன்ன அதே வரி. ரெண்டு மாசம் ஆகறதுக்குள்ள உக்ரைன் மேல படையெடுப்பு. 2023 பிப்ரவரில ரஷ்யா ஒப்பந்தத்த நிறுத்தி வைக்கிறேன்னு புடின் அறிவிச்சார், பதிலுக்கு அமெரிக்காவும் தகவல் குடுக்கறத நிறுத்துச்சு. இதோட ஆயுள் 2026 பிப்ரவரி 5 வரைக்கும்னுதான் போட்டிருந்துச்சு, நீட்டிக்கறதுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் 2021லயே உபயோகிச்சாச்சு.

மாஸ்கோ சொல்லுது, எங்க எதிரிக்கு ஆயுதம் குடுத்துட்டே எங்க தளத்துக்குள்ள வந்து பாப்பியான்னு. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா அய்யா, வோட்கின்ஸ்க்ல அமெரிக்கன் குடியேறினப்போ ஆப்கானிஸ்தான்ல அமெரிக்கா குடுத்த ஸ்டிங்கர் மிசைல்தான் உங்க ஹெலிகாப்டர சுட்டுட்டு இருந்துச்சு, உங்க படை அங்கிருந்து முழுசா வெளியேறினது 1989 பிப்ரவரில. அப்போ முடிஞ்சது இப்போ முடியாதா? வியட்நாம்ல நீங்க குடுத்த ஆயுதத்தால அமெரிக்கன் செத்துட்டு இருந்தப்போதான் நிக்சன் மாஸ்கோ வந்தார், அதையும் ஞாபகப்படுத்திக்கங்க.

வாஷிங்டன் சொல்லுது, சீனா வராம இனிமே எதுக்கு ஒப்பந்தம்னு. சீனா வேகமா சேக்குதுங்கறது உண்மைதான். ஆனா உலகத்து அணு ஆயுதத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் உங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு, நீங்க எண்ணிக் காட்டாம மூணாவது ஆள்கிட்ட எண்ணிக் காட்டுன்னு எந்த மூஞ்சிய வெச்சு கேப்பீங்க? நீங்க ரெண்டு பேரும் கதவ சாத்திட்டா அவனுக்கு அது வசதிதான்.

செயற்கைக்கோள் இருக்கு, எல்லாம் தெரியுதுன்னு ரெண்டு பேருமே சொல்றீங்க. மேல இருந்து பாத்தா மிசைல் குழி தெரியும், குழிக்குள்ள இருக்கற மிசைல் மண்டைல ஒரு வார்ஹெட் இருக்கா மூணு இருக்கான்னு தெரியாது, அதுக்கு மனுஷன் மூடிய தொறந்து பாக்கணும், நியூ ஸ்டார்ட்ல இன்ஸ்பெக்டர் போனதே அதுக்குத்தான். இது எனக்கே தெரியும்போது உங்களுக்கு தெரியாதா.

அதனால புதுசா பெரிய ஒப்பந்தம் போடுங்க, உலகத்த காப்பாத்துங்கன்னெல்லாம் நான் கேக்கல. எண்ணிக்கைல வரம்பு வேணுமா வேணாமாங்கற சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க, உக்ரைன் முடியட்டும் சீனா வரட்டும்னு எதையும் கண்டிஷன் போடாம, ஆறு மாசத்துக்கு ஒருதடவை குடுத்துட்டு இருந்த கணக்க மறுபடி குடுக்க ஆரம்பிங்க. 1988ல போட்ட மிசைல் சோதனை முன்னறிவிப்பு ஒப்பந்தத்த விடமாட்டோம்னு 2023ல ரெண்டு பேரும் சொன்னீங்க, அந்தத் தகவல் போற அதே லைன்ல இதையும் அனுப்பலாம், ஆளும் மெஷினும் அங்கயே இருக்கு. அடுத்து இன்ஸ்பெக்டர்கள். 2022ல ஆய்வு மறுபடி தொடங்காததுக்கு ரஷ்யா சொன்ன காரணத்துல ஒண்ணு, பொருளாதாரத் தடையால எங்க ஆளுங்களுக்கு விசா கிடைக்கல, எங்க விமானம் பறக்க வான்வழி கிடைக்கலங்கறது. அது சாக்கா நிஜமான்னு கண்டுபிடிக்க ஒரே வழி, இன்ஸ்பெக்டருக்கும் அவங்க ஏறி வர்ற விமானத்துக்கும் தடைல இருந்து விலக்குன்னு வாஷிங்டன் ஐரோப்பாகிட்ட பேசி எழுத்துல குடுக்கறது. குடுத்ததும் மாஸ்கோ தன்னோட லிஸ்ட்ல உள்ள ஏதாவது ஒரு தளத்தோட பேர சொல்லி, வாங்க, மூடிய தொறக்கறோம்னு தேதி குடுக்கணும். மொதல்ல ஒரே ஒரு தளம் போதும்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேர் லிஸ்ட்லயும் இல்லாத ஊர்ல இருந்து ஒருத்தன்